வரிசையில் முந்தியவன்

புரோக்கர் ஆபீஸ் டீலர் வேலைக்கு வராத மூன்றாவது நாள், அதே திருட்டு மறுபடியும் நடந்தது.

சேதியைக் கொண்டுவந்தவள் ரேடியோ. வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வேறு. வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று துப்பறியும் ஆபீஸில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அறை, இரண்டு நாற்காலி, அவள், அவளுடைய முதலாளி குடைச்சலார்.

"சார், பல் டாக்டர் போன் பண்ணினார். ரெண்டு நாள் சும்மா இருந்துட்டு இன்னைக்குத்தான் ஆர்டர் போட்டாராம். மறுபடியும் அவரை எவனோ முந்திட்டானாம்."

குடைச்சலார் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"டீலர்தான் வீட்டுல இருக்காரே?"

"அதான் சார். திருடனை வீட்டுக்கு அனுப்பிட்டோம். திருட்டு மட்டும் டியூட்டிக்கு வந்திருக்கு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். இன்று முடியவில்லை. மூன்று நாளைக்கு முன்னால், ஒரு ஹால் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, அந்த மனிதரைத் திருடன் என்று சொன்னவர் அவர்தான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துகளை விசாரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவர். எரிந்துபோன குடோனுக்குள் புகுந்தால், தீக்குச்சி கிழித்தவனோடுதான் வெளியே வருவார். ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டு ஆளைக் குடைந்துவிடுவதால் வந்த பெயர் குடைச்சலார். எங்கே என்ன நடந்தாலும் அதன் பின்னால் ஒரு ஆள் இருப்பான் என்பது அவருடைய நம்பிக்கை. இந்தக் கேஸிலும் அந்த நம்பிக்கையோடுதான் இறங்கினார்.

கேஸ் இதுதான். பல் டாக்டர் பங்கு மார்க்கெட்டில் பெரிய கை. மத்தியான இடைவேளையில் புரோக்கர் ஆபீஸுக்குப் போன் போட்டு, இன்ன பங்கு, இத்தனை வாங்கு என்பார். அங்கே ஆர்டர் போடுகிற ஊழியரான டீலர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டுவார். தட்டின கையோடு, வேறு எவனோ ஐந்து காசு கூட்டிக் கேட்டு டாக்டருக்கு முன்னால் வந்து நின்றுவிடுவான். டாக்டர் விலையை ஏற்றினால் அவனும் ஏற்றுவான். என்னைக்கோ ஒரு நாள் என்றால் தற்செயல். தினமும் என்றால்? "உங்க ஆபீஸ்ல எவனோ என் ஆர்டரை வெளியில விக்கிறான்" என்று டாக்டர் குதித்தார். புரோக்கர் ஆபீஸின் முதலாளியம்மா குடைச்சலாரைக் கூப்பிட்டார்.

குடைச்சலாருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆர்டர் போடுகிற ஹாலுக்குள் சொந்த போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் இருக்கும் பெட்டியில் வைத்துவிட வேண்டும். டாக்டரின் ஆர்டர் வருகிற அதே மத்தியான வேளையில், டீலர் தினமும் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போவதைக் கவனித்தார். பைக்குள் கையை விட்டார். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றின ஒரு போன்.

"யாருக்குப் பேசறீங்க?"

"அதைச் சொல்ல முடியாது சார்."

"பூட்டைத் திறந்து காட்டுங்க."

"முடியாது சார். தயவுசெஞ்சு போனை மட்டும் குடுத்துடுங்க."

அப்போது குடைச்சலார் ஹாலைப் பார்த்துத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சொல்ல முடியாத விஷயத்துக்கு நம்ம ஊர்ல ஒரு பேர் இருக்கு. திருட்டு."

நல்ல வசனம். யாரோ கைகூடத் தட்டினார்கள். டீலர் தலையைக் குனிந்துகொண்டு, வெறும் பையோடு வெளியே போனார். போன் முதலாளியம்மாவின் மேஜை டிராயருக்குள் போயிற்று.

இப்போது ஷூவின் முடிச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவருக்கு அந்த வசனம் ஒவ்வொரு எழுத்தாகக் காதில் விழுந்தது.

"கிளம்பு" என்றார்.

புரோக்கர் ஆபீஸில் எல்லோரும் அவருக்கு மரியாதையாக வணக்கம் வைத்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. டீலரின் நாற்காலி காலியாகக் கிடந்தது. முதுகு வலிக்கு அவர் வைத்திருந்த சின்னத் தலையணை அப்படியே இருந்தது. அதைப் பார்க்காமல் கண்ணாடி அறைக்குள் நுழைந்தார்.

முதலாளியம்மா ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பளிச்சென்ற சேலை, களைத்த கண்.

"மேடம், எனக்கு முதல்லேர்ந்து ஒரு தடவை சொல்லுங்க. ஆர்டர் தட்டினா அது எங்க போகுது?"

"எக்ஸ்சேஞ்சுக்கு, அதான் பங்குச் சந்தைக்கு. அது இப்பல்லாம் கட்டடம் இல்ல சார், கம்ப்யூட்டர். ஒரு காலத்துல ஹால்ல நின்னு கத்தினாங்க. இப்ப மெஷின் வரிசை கட்டுது. வாங்குறவங்க ஒரு பக்கம், விக்கிறவங்க ஒரு பக்கம். கூட விலை கேக்கறவன் முன்னால நிப்பான். ஒரே விலைன்னா யார் முதல்ல வந்தாங்களோ அவங்க முன்னால. விக்கிற பக்கம் குறைச்சுச் சொல்றவன் முன்னால. ரெண்டு பக்கமும் விலை பொருந்தின உடனே மெஷின் முடிச்சுப் போட்டுடும். யார் யார்கிட்ட வாங்கினாங்கன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது."

"மாப்பிள்ளை முகத்தைப் பொண்ணு பார்க்கல, பொண்ணு முகத்தை மாப்பிள்ளை பார்க்கல. ஆனா தாலி ஏறிடுச்சு" என்றாள் ரேடியோ.

"ஆள் தெரியாது. சரி. வரிசை தெரியுமா?"

முதலாளியம்மா ஒரு விநாடி தயங்கினார். "தெரியும். எந்த விலையில எத்தனை பங்கு காத்திருக்குன்னு எல்லாரோட ஸ்கிரீன்லயும் ஓடும்."

குடைச்சலார் மேஜை மேல் கிடந்த செய்தித்தாளை எடுத்து, பங்கு விலைப் பக்கத்தைப் பிரித்து ரேடியோவின் முன்னால் நீட்டினார்.

"கண்ணை மூடு. விரலை வை."

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விரலைக் குத்தினாள். பூட்டு தயாரிக்கிற ஒரு கம்பெனியின் மேல் விழுந்தது.

"மேடம், இந்தப் பூட்டுக் கம்பெனியில பெருசா ஒரு ஆர்டர் போடுங்க. உங்க சொந்தக் கணக்குல. கதவைச் சாத்தியாச்சு. யாரும் வெளியில போகல, யாரும் போனைத் தொடல."

"சும்மா வேடிக்கைக்குப் போடக் கூடாது சார். அது தப்பு. விலை பொருந்திட்டா நான் வாங்கித்தான் ஆகணும்."

"வாங்கிக்கங்க. பூட்டுதானே, வீட்டுக்கு ஆகும்" என்றாள் ரேடியோ, இன்னும் கண்ணைத் திறக்காமல்.

முதலாளியம்மா எண்களைத் தட்டி என்டரை அழுத்தினார். அவருடைய ஆர்டர் வரிசையின் உச்சியில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. கண் இமைப்பதற்குள் அதன் தலைக்கு மேல் இன்னொரு ஆர்டர் வந்துவிட்டது. ஐந்து காசு கூடுதல்.

"வந்தாச்சா?" என்றாள் ரேடியோ.

"வந்தாச்சு" என்றார் குடைச்சலார்.

"சார், நான் இன்னும் கண்ணையே திறக்கலை!"

"விலையை ஏத்துங்க மேடம்."

ஏற்றினார். மேலே இருந்ததும் ஏறியது. இறக்கினார். அதுவும் இறங்கியது. அவர் விரல் விசையிலிருந்து எழும்பும் முன்பே எல்லாம் நடந்து முடிந்தது. ஒருவன் ஒட்டுக்கேட்டு, போன் எடுத்து, இன்னொருவனிடம் சொல்லி, அவன் தட்டி... அதற்கெல்லாம் இங்கே இடமே இல்லை.

"இப்ப ஒண்ணு செய்ய முடியுமா? இவ்வளவு பெரிய ஆர்டரை வெளியில தெரியாம..."

அவர் கேட்டு முடிப்பதற்குள் முதலாளியம்மா ஒரு கட்டத்தைத் திறந்து ஒரு எண்ணை மாற்றிவிட்டார். மொத்த ஆர்டர் அதேதான். ஆனால் வெளியே தெரிவது அதில் ஒரு சின்னத் துண்டு மட்டும். எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கிற வழி அது. ஆர்டர் போய் வரிசையில் நின்றது.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். எவனும் முந்தவில்லை. விற்கிற பக்கத்திலிருந்து ஆள் வந்து, கேட்ட பங்குகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்க ஆரம்பித்தன.

ரேடியோ கண்ணைத் திறந்தாள். "சார், அப்போ முந்தினது ஆளே இல்ல. வரிசையில பெரிய உருப்படி நிக்குதான்னு பார்த்துக்கிட்டே இருக்கற ஒரு புரோகிராம். எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல ஓடுது. நின்னா அதுக்கு முன்னால பாயும், டாக்டருக்கு முன்னால வாங்கி, டாக்டருக்கே கூட வெச்சு விக்கும். டாக்டரோட ரகசியத்தை யாரும் விக்கல. அவரே ஊர் பூரா போஸ்டர் ஒட்டியிருக்கார்."

"மாடிப்படி?"

"மத்தியானம் சார். டாக்டருக்கும் மத்தியானம்தான் சாப்பாடு. டீலருக்கும் மத்தியானம்தான். நமக்கும்தான். அந்த நேரத்துல யாரைப் பிடிச்சிருந்தாலும் கையில டப்பா இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு அவளே வாயை மூடிக்கொண்டாள். இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம். ஒரு செய்தித்தாளும் ஒரு விரலும் போதும். அவர் செய்யவில்லை. போன் கிடைத்த சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

குடைச்சலார் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுத்து முதலாளியம்மாவைப் பார்த்தார்.

"மேடம், முதல் தடவை அது முந்தினப்ப ரேடியோ துள்ளினா. நான் ஸ்கிரீன்லேர்ந்து உங்க பக்கம் திரும்பினேன். நீங்க ஸ்கிரீனைப் பார்க்கலை."

"என்ன சார்?"

"என் முகத்தைப் பார்த்தீங்க. நான் எப்ப கண்டுபிடிப்பேன்னு பார்த்தீங்க. ஆர்டரை மறைக்கிற வழியும் நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள கைக்கு வந்துடுச்சு. உங்களுக்கு இது முன்னாலயே தெரியும்."

முதலாளியம்மா சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார் கடைசியில். "டாக்டர்கிட்ட நான் சொல்லிப் பார்த்தேன். மெஷின் அப்படித்தான் சார், ஆர்டரைத் துண்டு துண்டாப் போடலாம்னு. அவர் நம்பல. மெஷின் மேல பழி போடறியான்னு கத்தினார். அவருக்கு ஒரு ஆள் வேணும். ஆள் இல்லைன்னா கணக்கை வேற ஆபீஸுக்கு மாத்திடுவேன்னார். சும்மா விசாரிக்கற மாதிரி இருக்கட்டும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க இவ்வளவு சீக்கிரம் ஒருத்தரைப் பிடிச்சுக் கொடுப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் பையோட வெளியில போறப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். "நீங்க அவ்வளவு நிச்சயமாப் பேசினீங்க. எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு."

அவரைத் திட்டிவிட முடிந்திருந்தால் குடைச்சலாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். டாக்டருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. இந்த அம்மாளுக்கும் வேண்டியிருந்தது. எல்லோரையும் விட அதிகமாக அவருக்குத்தான் வேண்டியிருந்தது. ஆள் இல்லாமல் ஒரு கேஸை முடிக்க அவருக்குத் தெரியாது.

எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்து ஹாலுக்குள் போனார். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றார். காதில் மாட்டின கருவிகளைக் கழற்றிவிட்டு எல்லோரும் திரும்பினார்கள்.

"உங்க டீலர் எதையும் திருடல" என்றார். அன்றைக்கு ஹாலையே நிறைத்த குரல் இன்று முன்வரிசையைத் தாண்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "நான் சொன்னது தப்பு. டாக்டரை முந்தினது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். அது இந்த ஆபீஸ்லயே இல்ல."

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப திருடன் யாரு சார்?"

"யாரும் இல்ல. இல்லாத திருடனுக்கு நான் ஒரு முகத்தைக் கொடுத்துட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. அன்றைக்குத் தட்டியவர் யார் என்று அவர் தேடவும் இல்லை. முதலாளியம்மா பின்னாலேயே வந்து, கைக்குட்டையில் சுற்றின போனை அவர் கையில் வைத்தார். "நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுங்க சார். நானும் நேர்ல வந்து பேசறேன். டாக்டர்கிட்டயும் சொல்லிடறேன். கணக்கை மாத்தினா மாத்திக்கட்டும்."

டீலரின் வீடு ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ரேடியோதான் மணியை அடித்தாள். கதவைத் திறந்தது ஒரு பெண். குளித்த ஈரம் காயாத தலை. கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிடித்திருந்தும் விரல்கள் நடுங்கின.

"ஆபீஸ்லேர்ந்தா வர்றீங்க?"

குடைச்சலார் போனை நீட்டினார். அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"ஐயோ, ஆபீஸ்லயா இருந்துச்சு? தொலைஞ்சு போச்சுன்னு சொன்னாரே! உள்ள வாங்க. அவர் மருந்து வாங்கப் போயிருக்கார், இப்ப வந்துடுவார். எனக்காக லீவு போட்டிருக்கார்."

உட்கார வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி வழியிலேயே தளும்பிச் சிந்தியது. ரேடியோ எழுந்துபோய் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"கையைப் பார்க்காதீங்கம்மா. சரியாயிடும்னு சொல்லியிருக்காங்க" என்று டீலரின் மனைவி சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாததா? ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பாரே. குடியை விடறதுக்குன்னு ஒரு இடத்துல சேர்த்துவிட்டிருந்தார். அங்க மத்தியானம் ஒரு தடவைதான் போன். அவங்க எழுதி வெச்சிருக்கற நம்பர்லேர்ந்து வந்தாத்தான் கூப்பிட்டுக் குடுப்பாங்க. நேர்ல பார்க்க விடறதில்ல. இவர் ஒரு நாள் தவறினதில்ல. திடீர்னு நின்னு போச்சு. ரெண்டு நாளும் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். சரி, இவருக்கும் நான் சலிச்சுப் போயிட்டேன்னு தோணிடுச்சு. நேத்து கிளம்பி வந்துட்டேன்."

ரேடியோ டம்ளரைக் கையில் வைத்தபடி சுவரைப் பார்த்தாள்.

குடைச்சலாருக்குத் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாருக்குப் பேசறீங்க, யாருக்குப் பேசறீங்க என்று அன்றைக்கு அவர் குடைந்த கேள்விக்குப் பதில் எதிரே உட்கார்ந்து சேலையில் சிந்தின தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் திருடன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் படியிறங்கிப் போயிருக்கிறார்.

வாசலில் செருப்புச் சத்தம். டீலர் மருந்துப் பொட்டலத்தோடு நுழைந்தார். குடைச்சலாரைக் கண்டதும் நின்றார். முகத்தில் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. சட்டென்று மனைவியைப் பார்த்தார். இந்த ஆள் இவளிடம் என்ன சொல்லிவிட்டான்?

குடைச்சலார் அவசரமாக எழுந்தார். "போனை ஆபீஸ்லயே விட்டுட்டு வந்துட்டீங்க. கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

டீலர் மெதுவாக மூச்சு விட்டார். "நன்றி சார். வாங்க, வாசல் வரைக்கும் வர்றேன்."

வெளியே கேட்டருகில் மூன்று பேரும் நின்றார்கள். குடைச்சலார் நடந்ததையெல்லாம் சொன்னார். பூட்டுக் கம்பெனியை, முதலாளியம்மா சொன்னதை, ஹாலில் தான் பேசியதை. எதையும் தனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லவில்லை. "என்னை மன்னிச்சுடுங்க" என்று முடித்தார்.

டீலர் கேட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நான் சரின்னு சொன்னா உங்களுக்கு லேசாயிடும். எனக்கு என்ன ஆகும் சார்?"

டீலரே தொடர்ந்தார்.

"திருடன்னா அந்தப் பேர் எனக்கு. நான் நம்பரைச் சொல்லியிருந்தா, குடிகாரின்னு பேர் அவளுக்கு. அதனாலதான் சொல்லல. அந்தப் போனை மட்டும் குடுங்கன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அதைக் குடுத்திருந்தா அவ அங்கயே இருந்திருப்பா."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். டீலர் வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மறுபடி போய் இருக்கேன்னு காலையில ஒத்துக்கிட்டா. மனசு மாறறதுக்குள்ள கொண்டு போய் விடணும். பஸ்ல போனா வழியெல்லாம் பிராந்திக் கடை. நேத்தும் ஒரு கடை வாசல்ல இறங்கிட்டுத்தான் வந்திருக்கா." குடைச்சலாரை நேராகப் பார்த்தார். "உங்ககிட்ட கார் இருக்கா?"

"இருக்கு" என்றார் குடைச்சலார்.

அரை மணியில் கிளம்பினார்கள். ரேடியோ முன்னால் உட்கார்ந்தாள். ஊர் தாண்டும் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் அந்த அம்மாள்தான் பேசிக்கொண்டு வந்தாள். ஏதாவது கடையின் போர்டு தெரிந்தால் பேச்சு அறுந்துபோகும். உடனே குடைச்சலார் காரை அழுத்துவார். அவளும் அடுத்த வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வாள்.

"சார் ஆபீஸ்ல என்னவா இருக்கீங்க?"

குடைச்சலார் கண்ணாடியில் டீலரைப் பார்த்தார். பின்னாலிருந்து டீலர் சொன்னார். "சார் நம்ம ஆபீஸ் இல்லம்மா. வேலை இருந்தா வந்து போவார்."

வெள்ளையடித்த நீளமான கட்டடம். வாசலில் ஒரு நர்ஸ் கையெழுத்து வாங்கிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டாள். உள்ளே போக இருந்த அம்மாள் திரும்பி வந்து, கார் கண்ணாடி வழியாகக் குனிந்தாள்.

"சொந்தக்காரங்க ஒருத்தரும் எட்டிப் பார்க்கல சார். ஒருநாள் பழக்கம்கூட இல்லாத நீங்க, போனையும் கொண்டுவந்து கொடுத்து, இவ்வளவு தூரம் வண்டியும் ஓட்டிட்டு வந்திருக்கீங்க. உங்களை மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருக்கார்னா, நான் இவரை விட்டுட்டு தைரியமா உள்ள இருப்பேன். இவரைப் பார்த்துக்கங்க சார்."

கைகூப்பினாள். நடுங்கின கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதும் கொஞ்சம் நின்றன. குடைச்சலாரால் பதிலுக்குக் கையெடுக்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை மட்டும் அசைத்தார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அவள் உள்ளே போனதும் டீலர் வந்து மறுபடியும் பின் ஸீட்டிலேயே உட்கார்ந்தார்.

"நான் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லியிருக்கணும்" என்றார் குடைச்சலார், திரும்பாமல்.

"இப்ப சொன்னா தாங்க மாட்டா. அவ வெளியில வரட்டும். அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வரணும். வந்து, நான் யாரு, என்ன பண்ணினேன்னு உங்க வாயாலயே அவகிட்டச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"வர்றேன்."

"வரணும் சார்."

"வர்றேன்" என்று மறுபடி சொல்லிவிட்டு, குடைச்சலார் காரைப் பின்னால் எடுத்தார்.